நிலப்படம் கூறும் மலை வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டைத் தேடுவர், ஓலைச்சுவடியைத் தேடுவர், அரசு ஆவணங்களைப் புரட்டுவர். இவற்றுள் எதுவும் போதிய அளவு கிட்டாத ஊர்களும் உண்டு. காடு திருத்தி நூறாண்டுக் காலத்தில் எழுந்த மலையூர்களுக்குக் கல்வெட்டு ஏது? அங்கு வியர்வை சிந்தியவர்களுள் பெரும்பாலோர் தம் வாழ்வை எழுதி வைத்தவர்களும் அல்லர். அத்தகைய ஊர்களின் வரலாற்றை ஆராய்வோர்க்குப் பலரும் எண்ணிப் பாராத சான்று ஒன்று துணை நிற்கிறது. அது பழைய நிலப்படம்.

நிலப்படம் என்றதும் வகுப்பறைச் சுவரில் தொங்கும் வண்ணப் படமே மாணவர் மனக்கண்முன் தோன்றும். வரலாற்றுக்கு உதவுவது அதனினும் விரிவான படம். மலையின் ஏற்ற இறக்கம், ஆற்றின் போக்கு, காடு, தோட்டம், சாலை, ஒற்றையடிப் பாதை, குடியிருப்பு, வழிபாட்டிடம் ஆகியவற்றை அளந்து வரைந்த படம் அது. மலாயாவில் நெடுங்காலம் வழங்கிய இவ்வகைப் படங்களில் ஓர் அங்குலம் நிலத்தில் ஒரு மைலைக் குறித்தது. ஒரு மைலுக்கு 63,360 அங்குலம் ஆதலின், நிலத்தை 63,360 மடங்கு சுருக்கி வரைந்த படம் அது எனலாம். பின்னர் வந்த மெட்ரிக் படங்களில் 2 செண்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கலாயிற்று. ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் செல்லும் சமஉயரக் கோடுகளே இப்படங்களின் உயிர்நாடி. அவை நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் சமநிலம். இக்கோடுகளைப் படிக்கக் கற்றவன் மலையைக் காணாமலே அதன் வடிவத்தை உணர்வான். ஆண்டுவாரியாகப் பல படங்களை அடுக்கி வைத்துப் படிக்கக் கற்றவன் அம்மலையின் வரலாற்றையும் உணர்வான். இதற்குக் கேமரன் மலை தக்கதோர் எடுத்துக்காட்டு.

படத்தில் வராத பீடபூமி

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக் எல்லையை ஒட்டி அமைந்தது கேமரன் மலை. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசு நில ஆய்வாளர் அவ்வெல்லைப்புற மலைகளில் பயணம் செய்தார். மலைகள் சூழ்ந்த, மென்மையான சரிவுகளையுடைய ஒரு பீடபூமியைக் கண்டதாக அவர் தெரிவித்தார். அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ, அவ்விடத்தை உடல்நலம் பேணும் மலைவாழிடமாக ஆக்கலாம் எனக் கருதினார். ஆனால் 1886-இல் கேமரன் மறைந்தார். அவர் கண்ட இடத்தை ஐயமின்றிக் காட்டும் படம் பின்வந்தோர்க்குக் கிட்டவில்லை என்பர். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் இடம் அவர் கண்ட இடந்தானா என்பதிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925-இல் அங்குச் சென்று பார்வையிட்ட பிறகே மலைநகர் அமைக்கும் பணி வடிவம் பெற்றது. இடையில் கழிந்தவை நாற்பது ஆண்டுகள். ஒரு மலைப்பகுதி படத்தில் இடம் பெறாமையால் ஆட்சியாளரின் எண்ணத்திலும் மங்கிக் கிடந்தமைக்கு இது சான்று.

அக்கால ஆய்வாளர் உயரத்தை அளந்த முறைகளுள் ஒன்று மாணவர் அறிந்து மகிழத்தக்கது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், 1,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். உயர உயரக் காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். மலையுச்சியில் நீரைக் கொதிக்க வைத்து, வெப்பமானியைப் பார்த்து, உயரத்தைக் கணக்கிட்டனர். இத்தகைய அளவில் சிறுபிழை நேர்ந்தாலும் படத்தில் மலையின் உயரம் மாறிவிடும். ஆகவே பழைய படத்தின் எண்களை வேதவாக்காகக் கொள்ளுதல் தகாது.

படத்தில் வெறுமையாக விடப்பட்ட அந்நிலம் உண்மையில் வெறுமையாக இருந்ததில்லை. செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் அம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். அவர்களின் பாதைகளும் வேட்டை நிலங்களும் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. அவர்கள் நினைவிலேயே இருந்தன. வெற்றிடம் என்பது அளந்தவர் அறியாத இடம் என்றே பொருள்படும். பழைய படத்தைக் கையில் எடுக்கும் மாணவனுக்கு இதுவே முதற்பாடம்.

பெயர்களும் பாதைகளும்

நிலப்படத்தில் அடுத்து நோக்கத்தக்கவை இடப்பெயர்கள். சுங்கை என்றால் ஆறு. குனோங் என்றால் மலை. குவாலா என்றால் ஆற்றுமுகம். உலு என்றால் ஆற்றின் மேற்பகுதி. லூபோக் என்றால் ஆற்றில் ஆழ்ந்த மடு. தானா ராத்தா என்னும் ஊர்ப்பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். மலைகளுக்கு நடுவே அப்பெயர் ஏன் வந்தது என்பதற்கு, அவ்விடத்தில் சமஉயரக் கோடுகள் விலகி நிற்பதே விடை. பெர்த்தாம் என்பது ஒரு வகைப் பனையைக் குறிக்கும் மலாய்ச் சொல். அதே பெயர் ஓர் ஆற்றுக்கும் வழங்குகிறது. பிரிஞ்சாங், தெலோம், ஹாபு, ரிங்லெட் எனப் படம் முழுவதும் பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பெயர் ஆற்றுக்கு முதலில் வழங்கி ஊருக்குச் சென்றதா, ஊரிலிருந்து ஆற்றுக்குச் சென்றதா என்பதைப் பல ஆண்டுப் படங்களை ஒப்பிட்டே ஆராய வேண்டும்.

சாலையும் ஒரு வரலாற்றாசிரியனே. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் மலைச்சாலை 1931-இல் திறக்கப்பட்டது. படத்தில் அச்சாலை பாம்புபோல் நெளிந்து செல்வதைக் காணலாம். சமஉயரக் கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் அவற்றோடு இயைந்து, சிறிது சிறிதாக உயர்ந்து செல்வதே அந்நெளிவின் காரணம். கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்ததாயினும் அதன் வாயில் பேராக்கிலேயே திறந்தது. 2000-ஆம் ஆண்டுகளில் சிம்பாங் பூலாய் வழியாக மற்றொரு சாலை வந்தபோதும் அது பேராக்கிலிருந்தே வந்தது. மாநில எல்லைக்கோடு ஒன்றைக் கூற, மக்கள் நடந்த வழி வேறொன்றைக் கூறுவதை நிலப்படம் ஒரே பார்வையில் உணர்த்துகிறது.

மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம்

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்ட அனுபவம் உடைய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். காட்டை அழித்து, சரிவுகளில் தேயிலை நட்டு, கொழுந்து கிள்ளி அம்மலையை வளம்பெறச் செய்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர் முதன்மையானவர்கள். தோட்டத்துக்கு முந்திய படத்தில் காடாகக் காட்டப்பட்ட சரிவுகள், பிந்திய படங்களில் தேயிலை நிலங்களாக மாறி நிற்கும். இரு படங்களுக்கும் இடைப்பட்ட அந்த மாற்றத்துக்குள் ஒரு தலைமுறையின் உழைப்பு அடங்கியிருக்கிறது.

தோட்டங்களின் நிலப்படத்தைக் கூர்ந்து நோக்கினால் மற்றோர் உண்மையும் புலப்படும். துரையின் பங்களா பெரும்பாலும் காற்றோட்டமும் காட்சியும் உள்ள மேட்டில் இருந்தது. தொழிலாளர் லயங்கள் கீழே, வரிசையாக அமைந்தன. படத்தில் அவை சின்னஞ்சிறு கறுப்புக் கட்டங்கள். பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே எத்தனை சமஉயரக் கோடுகள் ஓடுகின்றன என எண்ணிப் பார்த்தால், உயரத்தின் வேறுபாடு மட்டுமா தெரிகிறது? அக்காலச் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வும் தெரிகிறது. நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதைப் படம் சில கோடுகளில் காட்டிவிடுகிறது.

ஆயினும் நிலப்படம் கூறாதவையும் பல. அந்தக் கறுப்புக் கட்டத்துள் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன? எந்த ஊரிலிருந்து வந்தன? மரத்தடியில் நட்ட கல் எப்போது கோயிலாயிற்று? குழந்தைகள் எந்தக் கொட்டகையில் எழுத்துக் கற்றனர்? இவற்றுக்குப் படத்தில் விடை இல்லை. மலாயாவின் தோட்டங்கள் பலவற்றுக்குத் தமிழ்த் தொழிலாளர் தமக்குள் தமிழ்ப் பெயரிட்டு வழங்கினர். நிலப்படத்தில் ஏறியவையோ பெரும்பாலும் நிறுவனம் இட்ட பெயர்களே. மக்கள் நாவில் வாழ்ந்த பெயர் தாளில் ஏறாமையால், அப்பெயரைச் சொன்ன தலைமுறையோடு அதுவும் மறையும் நிலையில் இருக்கிறது.

ஆறு ஏரியான கதை

நீர் மின்திட்டத்துக்காகப் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே ரிங்லெட்டுக்கு அருகில் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை 1963-இல் முடிவுற்றது. தெலோம் ஆற்றின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெர்த்தாம் பக்கம் திருப்பப்பட்டது. அணைக்கு முந்திய படத்தில் மெல்லிய நீலக்கோடாக நெளிந்த ஆறு, பிந்திய படத்தில் அகன்ற நீர்த்தேக்கமாகக் காட்சி தருகிறது. நீருக்கடியில் மறைந்த பள்ளத்தாக்கின் வடிவத்தை இன்று காட்ட வல்லது அப்பழைய படமே.

இது வெறும் பழங்கதையன்று. மேற்சரிவுகளில் காடு அழிந்து காய்கறித் தோட்டங்கள் பெருகவே, மழையில் கரைந்த மண் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்தது. 2013 அக்டோபரில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் வீடுகளுக்குச் சேதமும் நேர்ந்தன. ஆறு முன்னர் எவ்வழியே ஓடியது, எந்தச் சரிவில் காடு இருந்தது, வீடுகள் எப்போது கரையை நெருங்கின என்பவற்றை அறியப் பழைய படங்கள் உதவும். ஆற்றின் வழியை மனிதன் மறக்கலாம், ஆறு மறப்பதில்லை.

வகுப்பறைக்குள் ஒரு வரலாற்றுப் பணி

இவ்வாய்வுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரே இடத்தைக் காட்டும் இரண்டு அல்லது மூன்று காலத்துப் படங்கள் முதலில் தேவை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள தேசிய ஆவணக் காப்பகங்கள் இத்தகைய தேட்டத்துக்குத் தொடக்கமாகும். மலேசியாவின் விரிவான நிலப்படங்கள் சில பாதுகாப்புக் கருதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை ஆதலின், உரிய அனுமதி பெற்றே பயன்படுத்த வேண்டும்.

படம் கிடைத்ததும் அதன் ஓரக் குறிப்புகளை முதலில் படித்தல் வேண்டும். நிலத்தை அளந்த ஆண்டு வேறு. படத்தை அச்சிட்ட ஆண்டு வேறு. ஒரு சாலையை மட்டும் புதிதாகச் சேர்த்து, மற்றவற்றைப் பழையபடியே விட்டு மறுபதிப்பு வெளியிடுவதும் உண்டு. இதை அறியாதவர் இருபதாண்டுக்கு முன் அழிந்த லயத்தை இருந்ததாகக் கொண்டு மயங்குவர். பின்னர் அடிக்கணக்கை மீட்டராக்க வேண்டும். 5,000 அடி என்பது 1,524 மீட்டர். அளவுகளை ஒன்றாக்கி, மெல்லிய தாளில் ஆறு, சாலை, குடியிருப்பு ஆகியவற்றைத் தனித்தனியே படியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மாற்றங்கள் தாமே தோன்றும். கணினி வசதியுள்ள பள்ளிகள் அதனைத் திரையிலும் செய்யலாம்.

இறுதிப் பணியே தலையாயது. அப்படத்தை எடுத்துக்கொண்டு ஊரின் முதியவர்களிடம் செல்ல வேண்டும். கறுப்புக் கட்டம் ஒன்றைச் சுட்டி, “இங்கே யார் இருந்தார்கள், பாட்டி?” என்று ஒரு மாணவன் கேட்டால் போதும். படத்தில் இல்லாத பெயர்களும், திருவிழாக்களும், மண்சரிவுகளும், பிரிவுகளும் அந்த மூதாட்டியின் வாயிலிருந்து வரும். அவற்றை அப்படத்தின் படியிலேயே எழுதிவைத்தால், அளந்தவரின் அறிவும் வாழ்ந்தவரின் நினைவும் ஒரே தாளில் கூடும்.

தோட்டங்களில் பிறந்தோர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களில் இன்று பிறநாட்டுத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். பழைய லயங்கள் இடிந்து வருகின்றன. நிலப்படம் காப்பகத்தில் இன்னும் நூறாண்டு இருக்கும். அதை விளக்கிச் சொல்லவல்ல முதியவர் அதுவரை இருப்பாரா? தமிழாசிரியர்களும் மாணவர்களும் இப்பணியை இன்றே தொடங்குதல் நன்று.