மஞ்சள் லேசர்: தாமதமாக வந்த நிறம்

லேசர் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது சிவப்புப் புள்ளி, அல்லது பச்சைக் கோடு. வானவில்லில் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது மஞ்சள். ஆனால் மஞ்சள் லேசரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஏன் இந்த நிறம் மட்டும் இவ்வளவு பின்தங்கியது?

1960 மே 16-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் இயக்கிய முதல் லேசர் சிவப்பு. மாணிக்கக் கல்லில் இருந்து வந்த அதன் அலைநீளம் 694 நானோமீட்டர். 1962-ல் ஹீலியம்-நியான் வாயு லேசர் 632.8 நானோமீட்டரில் சிவப்பு ஒளி தந்தது. அதே வாயுக் கலவையில் 594 நானோமீட்டர் மஞ்சளும் உண்டு. ஆனால் அது மிகவும் பலவீனமானது. சிவப்பை அடக்கி மஞ்சளை மட்டும் வளர்க்கத் தனிப் பூச்சு பூசிய கண்ணாடிகள் வேண்டும்.

1966-ல் இரண்டு புதிய வழிகள் பிறந்தன. ஒன்று சாய லேசர். மற்றொன்று செப்பு ஆவி லேசர். பின்னதில் செம்பைச் சுமார் 1500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாக்க வேண்டும். அப்போது 510.6-ல் பச்சையும் 578.2-ல் மஞ்சளும் சேர்ந்தே வரும்.

இந்தியாவில் லேசர் ஆய்வு 1960களிலேயே தொடங்கிவிட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1964-ல் காலியம் ஆர்சனைடு குறைகடத்தி லேசர் உருவானது. பின்னாளில் அங்கும், இந்தூரில் 1984-ல் தொடங்கிய உயர் தொழில்நுட்ப மையத்திலும் (இன்றைய ராஜா ராமண்ணா மையம்) செப்பு ஆவி லேசர்களை நம் நாட்டிலேயே செய்தார்கள். ஆனால் உலை போன்ற அந்தக் கருவியை மேசை மேல் வைத்து விளையாட முடியாது!

அப்படியானால் டையோடு? சிவப்புக்கு ஒரு குறைகடத்திக் குடும்பம் இருக்கிறது. நீலத்துக்கு இன்னொன்று, 1990களில் ஜப்பானில் ஷுஜி நகமுரா அதை லேசராக்கினார். 2009 வாக்கில் அது பச்சை வரை எட்டியது. மஞ்சளுக்கு வந்தால் இரண்டு குடும்பங்களுமே காலை வாரிவிடுகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பியது ஒரு குறுக்குவழி. நியோடிமியம் கலந்த படிகம் 1064, 1342 நானோமீட்டர் என்ற இரண்டு அகச்சிவப்பு ஒளிகளைத் தரும். இரண்டையும் இன்னொரு படிகத்தில் கலந்தால் 593.5 நானோமீட்டர் மஞ்சள் கிடைக்கும். 2000களின் நடுவில் இப்படிப்பட்ட சிறு லேசர்கள் ஆர்வலர்கள் கைக்கு வந்தன. இரண்டு ஒளிகளும் ஒரே நேரத்தில் சமமாக நடக்க வேண்டும். படிகம் கொஞ்சம் சூடேறினாலும் மஞ்சள் மங்கிவிடும். அதனால் விலையும் அதிகம்.

ஆகவே புதிய மஞ்சள் லேசரைச் சோதிப்பவர்கள் முக்கியமாக மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். முதலாவது, நிறம். பழைய குறுந்தகட்டில் பட்டுச் சிதறும் கோணத்தை அளந்தால் அலைநீளம் தெரிந்துவிடும். சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் 589. அதன் பக்கத்தில் 593.5 சற்று ஆரஞ்சாகத் தெரியும். இரண்டாவது, திறன் நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது. மூன்றாவதுதான் மிக முக்கியம்: கலக்காமல் மிஞ்சிய அகச்சிவப்பு வெளியே கசிகிறதா? அது கண்ணுக்குத் தெரியாது, எனவே இமையும் மூடாது, விழித்திரை சுட்டுவிடும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வைத்து ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை அளந்தால் கசிவு எவ்வளவு என்று புரிந்துவிடும்.

சில நானோமீட்டர் வித்தியாசத்துக்கு ஏன் இத்தனை கவலை? 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை நினைத்தால் போதும். குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார்கள். அந்த ஒளியில் சோடியத்தின் மஞ்சளுக்கு மிக அருகில் ஒரு கோடு இருந்தது. அது சோடியம் அல்ல, 587.6-ல் இருந்த வேறொரு மஞ்சள். அதற்குரிய தனிமம்தான் ஹீலியம். பூமியில் அது கிடைத்தது 1895-ல்தான்.

இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான அந்த வித்தியாசத்தில் ஒரு புதிய தனிமமே ஒளிந்திருந்தது. பார்வைக்கு எல்லா மஞ்சளும் ஒன்றுதான். அளந்து பார்த்தவர்களுக்கே அவை வேறு வேறு என்று தெரிந்தது.