துப்பறிவாளர் மலையடிவாரம் வந்து சேர்ந்த கதை

தமிழ்த் துப்பறிவாளருக்கு வெகுகாலம் மெட்ராஸை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. விட்டால் நேராக விமானம்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் மேஜை மேல் காலைத் தூக்கிப் போட்டு, தேநீர் குடித்துக்கொண்டே யோசிப்பார். யோசித்து முடித்ததும் ஏதாவதொரு வெளிநாட்டில் இறங்கி ஆளைப் பிடிப்பார். அவர் விருதுநகரில் இறங்கி, பஸ் மாறி, ராஜபாளையம் ஸ்டேஷனுக்குள் நுழைந்து ஏட்டையாவிடம் விவரம் கேட்டதாக நான் படித்ததில்லை.

அதற்கும் முந்திய ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு காலத்தில் கதையின் எலும்பு இங்கிலாந்திலிருந்து வந்தது, சதையை இங்கே வைத்துக் கட்டினார்கள். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் எம்.என். நம்பியாரின் பல வேஷங்களோடு சினிமாவாகவும் வந்தார். ஆனந்த விகடனில் தேவன் படைத்த சாம்பு ஒருவர்தான் இந்தக் கூட்டத்தில் தனி ரகம். பாங்க் குமாஸ்தா, மூளை குறைவு, அதிர்ஷ்டம் ஜாஸ்தி. அவரும் பட்டணத்துப் பிறவிதான்.

பிறகு பாக்கெட் நாவல்கள் வந்தன. பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் ரத்தம் சொட்டும் கத்தி. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி எல்லோரும் இந்தக் கயிற்றில்தான் தொங்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். அந்த அரை மணி நேரப் பயணத்தில் முதல் பிணம் விழுந்துவிடும். விழுவது நுங்கம்பாக்கத்திலோ கோவை ரேஸ்கோர்ஸிலோ ஒரு பங்களாவில். படிக்கிறவர் மில் ஷிப்ட் முடித்து வருகிறவராகவோ காலேஜ் போகிற பிள்ளையாகவோ இருப்பார். கதை நம்மூர் வரை வந்தது, கொலை வரவில்லை.

கொலையை ஊருக்குள் கொண்டு வந்தது டி.வி.தான். அதுவும் உடனே நடந்துவிடவில்லை. கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்த பிறகுதான் தென்மாவட்டங்களில் படம் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது. காத்தாடி ராமமூர்த்தி நடித்த ‘துப்பறியும் சாம்பு’வைத் தூர்தர்ஷனில் பார்த்துச் சிரித்தோம், பயப்படவில்லை. 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தொடங்கியது. தெருத்தெருவாகக் கேபிள் வயர் இழுத்தார்கள். அந்த வயர் வழியாகத்தான் ‘மர்மதேசம்’ வந்தது.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த தொடர் அது. முதலில் ‘ரகசியம்’. நவபாஷாண லிங்கம், சித்தர்கள், ஊர்க்கோயில் என்று போகும் கதை. வத்திராயிருப்புப் பக்கம் அமாவாசைக்கு அமாவாசை சதுரகிரி ஏறுகிற குடும்பங்களுக்கு அந்த உலகத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்தது ‘விடாது கருப்பு’. ‘விட்டு விடு கருப்பா’ நாவலே அதற்கு மூலம். தோட்டக்காரமங்கலம் என்ற கற்பனைக் கிராமத்தில் தப்பு செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கருப்புசாமிதான் குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. பட்டணத்திலிருந்து வந்த பெண் டாக்டர் நம்ப மறுக்கிறார். அவ்வளவுதான் கதைச் சரடு. ஆனால் அதைப் பார்த்த வீடுகள் எந்த ஊர் வீடுகள் என்பதில் இருக்கிறது விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் கருப்பசாமி உண்டு, அய்யனார் உண்டு. ராஜபாளையத்துக்கு மேற்கே ஆற்றுக்கும் அருவிக்குமே அய்யனார் கோயில் என்றுதான் பெயர். வாசலில் வெட்டரிவாளோடு நிற்கிற சாமியைத் தினம் கும்பிட்டுவிட்டு வருகிறவர், இரவு டி.வி.யில் அதே அரிவாளைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அன்று இரவு கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடாத பிள்ளை இல்லை.

முடிவைச் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் யூடியூபில் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். துப்பறியும் வேலையை அதில் செய்தது போலீஸ் அல்ல. சாமியையும் மனநோயையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள்.

ஏறத்தாழ அதே சமயம், 1997இல், இங்கிலாந்தில் ஐ.டி.வி. ‘மிட்சமர் மர்டர்ஸ்’ என்ற தொடரைத் தொடங்கியது. பூந்தோட்டமும் தேவாலயமுமாக அழகழகான கிராமங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று பிணங்கள், கேஸை முடிக்க அலட்டிக்கொள்ளாத ஒரு போலீஸ் அதிகாரி. சாகடிக்கும் விதங்களில்தான் வேடிக்கை. ஓர் அத்தியாயத்தில் ராட்சதப் பாலாடைக்கட்டி உருளையைக் கொண்டே ஓர் ஆளை முடித்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட நியாயம் உண்டு. புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா, விறகடுப்பில் பால் சுண்டுகிற இரும்புச் சட்டி, கைப்பிடி நீண்ட துடுப்பு என்று ஆயுதங்களுக்கு இங்கே குறைவில்லை. எழுத ஆள்தான் இல்லை.

ஏன் இல்லாமல் போனது? 1999இல் ‘சித்தி’ வந்தது. வாரத்துக்கொரு நாள் வந்த தொடர்களின் இடத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை வரும் தொடர்கள் பிடித்துக்கொண்டன. மர்மக் கதைக்கு அது ஆகாது. கொலையாளி யார் என்று ஒரு வாரம் தவிக்க வைக்கலாம், மூன்று வருஷம் தவிக்க வைக்க முடியாது. மாமியார் மருமகள் சண்டை மூன்று வருஷம் தாங்கும், கைரேகை தாங்காது. இந்திரா சௌந்தர்ராஜன் தொடர்ந்து எழுதினார், நாகா ‘சிதம்பர ரகசியம்’ எடுத்தார். ஆனாலும் டி.வி.யில் துப்பறிகிற வேலை மெல்ல மெல்லப் பூஜையறைக்குள்ளும் ஜோசியக் கட்டத்துக்குள்ளும் ஒடுங்கிவிட்டது.

வெகு காலம் கழித்து, 2022இல், அது செல்போனுக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஒரே வருஷத்தில் மூன்று. பிப்ரவரியில் ஜீ5இல் ‘விலங்கு’, ஜூனில் அமேசான் பிரைமில் ‘சுழல்’, டிசம்பரில் அதே தளத்தில் ‘வதந்தி’. மூன்றிலும் துப்பறிகிறவர் சின்ன ஊர் எஸ்.ஐ. தனியார் துப்பறிவாளர், லண்டன் ரிட்டர்ன், வக்கீல் பார்ட்னர் யாரும் கிடையாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற, மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிற, வீட்டில் பதில் சொல்ல வேண்டிய ஆள்.

மூன்றில் எனக்குப் பிடித்தது ‘விலங்கு’. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம். விமல் நடித்த பரிதி என்ற எஸ்.ஐ.க்கு மனைவி நிறைமாதம். ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்குமாக அலைகிறார். காட்டில் ஒரு பிணம் கிடைக்கிறது. ராத்திரி காவலுக்குப் போலீஸைப் போட்டு வைத்தும், விடிந்தால் பிணத்தின் தலையைக் காணோம். கொலையைக் கண்டுபிடிப்பது இருக்கட்டும், முதலில் தலையைக் கண்டுபிடித்தால்தான் வேலை தங்கும். பதறுவதா சிரிப்பதா என்று புரியாத அந்த நிலைமையில்தான் தமிழ் போலீஸ் தொடர் தனக்கான குரலைப் பிடித்தது. ஸ்டேஷன் ரைட்டரின் முணுமுணுப்பு, டீ வாங்கப் போகிற ஆள், ஜீப்பின் பின்சீட்டுப் பேச்சு எல்லாம் கேட்ட மாதிரியே இருக்கும்.

‘வதந்தி’யில் பிணத்தோடு ஒரு பெயர்க் குழப்பம். குமரி மாவட்டத்தில் ஷூட்டிங் நடக்கிற இடத்தில் கிடக்கும் பெண்ணை நடிகை என்று நினைத்து நாடெங்கும் செய்தி பரவுகிறது. நடிகையோ உயிரோடு வந்து நிற்கிறார். ‘சுழல்’ முதல் பாகம் சாம்பலூர் என்ற கற்பனை ஊரில், சிமெண்ட் ஆலைத் தீயும் தொழிற்சங்கமும் மயானக் கொள்ளைத் திருவிழாவுமாகப் பின்னியது. 1936இலேயே மில் வந்த ராஜபாளையம் மாதிரி ஊர்க்காரர்களுக்குச் சங்கத் தலைவரின் வீட்டுக்குள் நடப்பது ஊர் விவகாரம் என்பது தெரியும். 2024இல் வந்த ‘இன்ஸ்பெக்டர் ரிஷி’ இன்னும் ஒரு படி மேலே போனது. மலைக்காட்டில் பிணங்கள் சிலந்தி வலை சுற்றியது போலக் கிடைக்கின்றன, ஊர் வனரட்சி என்ற ஆவியின் மேல் பழியைப் போடுகிறது. கருப்புசாமியின் பேத்தி என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தடவை விசாரிக்க டாக்டர் வரவில்லை, யூனிஃபார்ம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையும் 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. சாம்பல் நிற அணிலைக் காக்கிற காட்டில் இப்படியொரு கதைக்கு வனத்துறையே பாதி பாத்திரங்களைக் கொடுத்துவிடும்.

ஆக, துப்பறிவாளர் வந்து சேர்ந்துவிட்டார். வந்து சேர்ந்தவர் சில சங்கதிகளைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் என் குறை.

முதலாவது, கொலை வழக்கை இங்கே வழக்கமாக விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர். எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆர். போடுவார், ஆள் தேடி அலைவார். கதாநாயகன் இளைஞனாக இருக்கட்டும் என்று தொடர்களில் எல்லாவற்றையும் எஸ்.ஐ. தலையில் கட்டிவிடுகிறார்கள். மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது வி.ஏ.ஓ.வை மறந்தது. ஊர் எல்லையில் பிணம் கிடந்தால் பல கேஸ்களில் புகார் எழுதிக் கொடுப்பவரே கிராம நிர்வாக அலுவலர்தான். ‘குற்றவாளி வி.ஏ.ஓ.விடம் சரணடைந்து வாக்குமூலம் கொடுத்தார்’ என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். நேற்று வரை பட்டா மாறுதலுக்கு அலைய வைத்த அதிகாரியிடம் ஒருவன் வந்து ‘நான்தான் சார் வெட்டினேன்’ என்று ஏன் சொல்கிறான் என்பதைப் பிற்பாடு எதிர்த்தரப்பு வக்கீல்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள். இதைவிட நல்ல காட்சியை எந்த எழுத்தாளர் யோசித்துவிட முடியும்? தேடப்படுகிறவன் சம்பந்தமேயில்லாத வெளியூர்க் கோர்ட்டில் போய்ச் சரணடைவதும் நம்முடைய தனிச் சொத்துதான். மோப்ப நாய் இன்னொன்று. மாவட்டத் தலைநகரிலிருந்து வேனில் வந்து இறங்கி, சிறிது தூரம் ஓடி, யாரையும் கவ்விப் பிடிக்காமல் மெயின் ரோட்டில் நின்றுவிடும். ராஜபாளையம் நாயைக் கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அது கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை நாய், மோப்ப வேலைக்கு வேறு இனம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விடுபடல் கைதுக்குப் பிறகு இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் கொலையாளி பிடிபடுவார், பின்கதை ஓடும், இசை உயரும், பெயர்கள் வரும். அதோடு சரி. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கதை அங்கே முடியாது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஊருக்கு வெளியே ஆண்டாளும் பால்கோவாவும்தான் அடையாளம். மாவட்டத்துக்குள் வழக்கில் சிக்கியவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வாய்தா. 11 நிலைக் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடப்பவர்கள் எத்தனையோ பேர்.

ஸ்டேஷனில் உறுதியாகச் சொன்னவர் கூண்டில் ஏறியதும் பிறழ் சாட்சியாவது, விசாரித்த இன்ஸ்பெக்டர் மூன்று ஊர் மாறிப் பிறகு சாட்சி சொல்ல வருவது, வாசலில் இரண்டு தரப்பும் ஒரே டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது எல்லாம் இங்கே நடக்கிறவை. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த கொலை என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302, பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. ஒரே வராந்தாவில் இரண்டு சட்டங்கள் காத்துக் கிடக்கின்றன.

‘சுழல்’ இரண்டாம் பாகத்தில், 2025 பிப்ரவரியில், ஒரு வழியாக வக்கீல் ஒருவர் முக்கியப் பாத்திரமாக வந்தார். லால் நடித்த செல்லப்பா. ஆரம்பத்திலேயே அவரைப் பிணமாக்கிவிட்டார்கள். நான்தான் கொன்றேன் என்று எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஒப்புக்கொள்வது அபாரமான முடிச்சு, மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டு வாக்குமூலங்களில் கோர்ட்டில் எத்தனை நிற்கும் என்பது அதைவிடப் பெரிய முடிச்சு.

தொடர் எடுக்கிறவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். லொகேஷன் பார்க்க வரும்போது மலை, அருவி, கோயில் திருவிழா எல்லாவற்றையும் தாராளமாகப் படம் எடுங்கள். திரும்புகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் ஒரு காலை நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அடுத்த எட்டு அத்தியாயம் அங்கே கிடைக்கும்.