ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு எம்ஆர்ஐ எதற்கு? மருந்து ஏற்றியதும் 10 நிமிஷம் ஏன் காத்திருக்கணும்?

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு இதய சிகிச்சைக்காகப் போகிறவர்கள் உண்டு. எக்கோ எடுத்தாச்சு, ஆஞ்சியோவும் முடிஞ்சாச்சு. அதன் பிறகும் சிலருக்கு, 'கான்ட்ராஸ்ட் போட்டு இதய எம்ஆர்ஐ' எடுக்கச் சொல்வார்கள். இன்னொரு டெஸ்ட்டா என்று சலிப்பு வரலாம். ஆனால், இது பதில் சொல்லும் கேள்வியே வேறு.

செத்த தசையா, முடங்கிய தசையா?

இதயத்தின் எந்தப் பகுதி சரியாகத் துடிக்கவில்லை என்பதை எக்கோ காட்டும். அந்தத் தசை செத்துவிட்டதா அல்லது ரத்தம் போதாமல் முடங்கிக் கிடக்கிறதா என்பதைக் காட்டுவது இந்த எம்ஆர்ஐ. முடங்கிய தசை, ஸ்டென்ட் அல்லது பைபாஸுக்குப் பிறகு தேறலாம். செத்தது தேறாது.

50 நோயாளிகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. அடைப்பைச் சரிசெய்த பிறகு, துடிப்பு குறைந்திருந்தும் தழும்பு இல்லாத பகுதிகளில் 78% தேறின. தசையின் தடிமனில் 75%-க்கு மேல் தழும்பு பரவியிருந்த 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்றுதான்.

காத்திருப்பது ஏன்?

கை நரம்பில் ஏற்றப்படும் மருந்து கடோலினியம். நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். தழும்பில் இடைவெளி அதிகம் என்பதால் தங்கிவிடும். 10 முதல் 20 நிமிடம் கழித்து எடுத்தால் தழும்பு வெள்ளையாகவும், நல்ல தசை கறுப்பாகவும் தெரியும். அவசரப்பட்டு எடுத்தால் இந்த வித்தியாசம் தெளிவாக வராது.

நல்ல தசை முழுக்கக் கறுப்பாகும் தருணத்தைப் பிடிக்க, மில்லி செகண்ட் கணக்கில் இயந்திரத்தைச் சரிசெய்வார்கள். மருந்து குறையக் குறைய அந்த அளவும் மாறும். தவறினால் தழும்பின் அளவைத் தப்பாகக் கணிக்க வாய்ப்புண்டு.

நோயாளி என்ன செய்யணும்?

* மூச்சை நிறுத்தச் சொன்னால் அசையாமல் நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கும் வேறு முறை உண்டு.
* சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறைக்காதீர்கள். கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.
* பேஸ்மேக்கர், உடலில் வேறு உலோகம், கர்ப்பம், மருந்து அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஸ்டென்ட் இருந்தால் அதன் கார்டைக் காட்டுங்கள். பெரும்பாலும் தடை இருக்காது.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: தழும்பு தசையில் எத்தனை சதவீதம் ஆழம் போயிருக்கிறது? அடுத்து ஆபரேஷனா, மாத்திரையா என்ற முடிவில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.