வாங்கிய இசையும் வாடகை இசையும்

ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் 1877ஆம் ஆண்டில் உருவாக்கினார். பத்தாண்டுகளின் பின் எமில் பேர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழி வகுத்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாட்டை வாங்குவது என்றால் கையில் எடுத்து வைக்கக்கூடிய ஒரு பொருளை வாங்குவதுதான். அந்த வழக்கம் நம் காலத்திலே மாறிவிட்டது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் கூட்டு முயற்சியான இறுவட்டு 1982 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, அந்த அளவுகளை இலக்கங்களாக அதில் எழுதியிருக்கிறார்கள். ஒலிநாடாவைப் பிரதி செய்யச் செய்ய இரைச்சல் கூடும். இலக்கங்களைப் பிழையின்றிப் பிரதி செய்தால் மூலமும் பிரதியும் ஒன்றே. ஆதலால் கணனி வீடுகளுக்கு வந்ததும் பலர் தம் இறுவட்டுகளை அதிலே படியெடுத்து வைத்தனர். ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வாளர்கள் பெரும்பங்கு வகித்து உருவாக்கிய எம்பி3 முறை, செவிக்கு எளிதில் புலப்படாதவற்றைக் களைந்து, பாட்டை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. 2001இல் வந்த ஃபிளாக் முறை எதையும் களையாமலே ஓரளவு சுருக்கியது.

2008இல் சுவீடனில் தொடங்கப்பட்ட ஸ்பொட்டிஃபை சேவை 2021இல் இலங்கைக்கும் வந்தது. மாதச் சந்தாவுக்குக் கோடிக்கணக்கான பாடல்கள்! அந்த வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் 2022 ஜனவரியில், கொரோனாத் தடுப்பூசி பற்றிய தவறான தகவல்களுக்கு அச்சேவை இடமளிப்பதாகக் கூறிப் பாடகர் நீல் யங் தம் பாடல்களை விலக்கிக்கொண்டார். 2024 மார்ச்சில்தான் அவை மீண்டன. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கலாம். எனினும் சந்தா கட்டிய இரசிகர் அங்கே அவற்றை இரண்டு ஆண்டுகள் இழந்தார். இறுவட்டு வாங்கியவருக்கு எந்த இழப்பும் இல்லை.

படியெடுப்பதிலும் சிக்கல் உண்டு. வாங்கிய தட்டைச் சொந்தப் பாவனைக்குப் பிரதி செய்வதைப் பிரித்தானியா 2014 ஒக்டோபரில்தான் சட்டபூர்வமாக்கியது. 2015 யூலையில் உயர் நீதிமன்றம் அந்த விதியை இரத்துச் செய்தது. கணனியும் ஒருநாள் பழுதாகும். இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கவேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான்: இணையச் சேவையை வானொலியைப் போலக் கேட்கலாம், அதை நம் நூலகமாக நம்பியிருக்கலாகாது. வானொலியில் நாம் கேட்கும் பழைய பாட்டுக்குப் பின்னாலும், யாரோ பேணி வைத்த தட்டு ஒன்று இருந்திருக்கிறது.