ஜூஜுவாடி எல்லையும் ஒரு டம்ளர் காபியும்

ஓசூரில் நல்ல ஓட்டல் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, "நல்லா சாப்பிடணும்னா பெங்களூர் போயிடுங்க, முக்கால் மணி நேரம்தான்" (சில்க் போர்டு ஜங்ஷனில் மாட்டிக்கொள்ளாதவர்கள் சொல்வது!). இன்னொன்று, "பிரியாணின்னா நேரா ஆம்பூர்". ஊருக்குள் இருக்கும் ஒரு கடையின் பெயரைச் சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. டவுனைத் தாண்டி சிப்காட் வழியாக ஜூஜுவாடி வரை வந்தால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். அங்கே இருப்பதெல்லாம் டீக்கடை, பேக்கரி, மெஸ், பரோட்டாக் கடை. லாரிக்காரர்களும் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களும் சாப்பிடும் இடங்கள். "இதுல ரசனைக்கு என்ன இருக்கு?" என்பார்கள்.

இந்த அபிப்பிராயம் பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜூஜுவாடியைத் தாண்டினால் அட்டிபெலே. இன்றைக்கு இது தமிழ்நாடு - கர்நாடக எல்லை. ஆனால் இந்தக் கோடு 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது புதிதாகப் போட்டது அல்ல. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பகுதி கும்பெனியின் கைக்குப் போனது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பக்கமும் சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. அதிலிருந்து 1947 வரை ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் சென்னை மாகாணம், அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அட்டிபெலே வேறு ராஜ்ஜியம்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உடுப்பி இருக்கும் தென் கன்னட ஜில்லா 1956 வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அதாவது இட்லி, தோசை, காபி என்று ஊர் ஊராகக் கடை விரித்த உடுப்பிக்காரரும் ஓசூர்க்காரரும் ஒரே மாகாணத்துப் பிரஜைகள். பக்கத்து அட்டிபெலேக்காரர் அந்நியர். "உடுப்பி ஓட்டல்னா கர்நாடகா ஓட்டல்" என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அது ஆரம்பித்த காலத்தில் அப்படி இல்லை.

சென்னையில் இதற்குப் பெரிய உதாரணம் கே. கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சமையல்கட்டில் எடுபிடி வேலை பார்த்து, சென்னைக்கு வந்து ஓட்டல் முதலாளி ஆனவர். 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ், 1952-ல் மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ், 1962-ல் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ். (டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா.) மசால் தோசையும் ஃபில்டர் காபியும் 'மெட்ராஸ் டிபன்' என்று பெயர் வாங்கியதில் இந்த உடுப்பிக்காரர்களின் பங்கு சாதாரணமானது அல்ல.

அந்தப் பக்கம் பெங்களூரிலும் உடுப்பிப் பகுதியிலிருந்து போனவர்கள்தான் கதையை ஆரம்பித்தார்கள். மையா சகோதரர்கள் 1924-ல் தொடங்கியதுதான் இன்றைய எம்.டி.ஆர். இரண்டாம் உலகப்போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி செய்து பார்த்ததாகவும் அதுவே ரவா இட்லி ஆனதாகவும் அந்த ஓட்டலின் பழைய பெருமை. 1943-ல் பசவனகுடியில் வித்யார்த்தி பவன் வந்தது.

ஆக சென்னை ஒரு முனை, பெங்களூர் ஒரு முனை. நடுவில் ஓசூர். அங்கே என்ன இருந்தது?

ரயில் இருந்தது, கொஞ்ச காலம். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு குறும்பாதை போட்டார்கள். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-ல், அதை மூடிவிட்டார்கள். ஸ்டேஷன் இருந்தால் அதை ஒட்டி ஓட்டல் தெரு வளரும். ஈரோடு, ஜோலார்பேட்டை, விழுப்புரம் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தன. ஓசூருக்கு அந்த வாய்ப்பு 28 வருஷத்தோடு முடிந்தது. அப்புறம் பல வருஷங்களுக்கு ரோடுதான் கதி. ரோட்டோரக் கடை வேறு ஜாதி. அங்கே வண்டி நிற்கும், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். முகம் தெரிந்த வாடிக்கையாளர் என்று ஒருவர் உருவாக வருஷங்கள் ஆகும்.

காபி மட்டும் இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. 1820-களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி பயிரிட ஏற்பாடு செய்தார். ஆனால் மலையில் விளைவதும் டம்ளரில் கிடைப்பதும் வேறு வேறு. ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்துச் சாப்பாடு ராகிதான். இங்கே களி, அந்தப் பக்கம் முத்தே. உருண்டை ஒன்று, பெயர் இரண்டு. கூடவே கீரையோ, அவரைக்கொட்டைக் குழம்போ, விசேஷ நாள் என்றால் கோழிக் குழம்போ. இந்தக் களி ஏன் உடுப்பி ஓட்டல் மெனுவில் ஏறவில்லை என்று யோசித்தால் பதில் கொஞ்சம் கசப்பாக இருக்கும். காபி ஓட்டல் அரிசியின் உலகம், மேல்தட்டின் உலகம். களி உழைப்பவர்களின் சாப்பாடு. அதை மதித்துப் போட்டவை 'மிலிட்டரி ஓட்டல்'கள்தான். பெங்களூரிலும் சரி, கொங்குப் பக்கமும் சரி, அசைவ ஓட்டலுக்கு அதுதான் பெயர்.

இங்கே ருசியை விட்டுவிட்டு வேறு ஒரு விஷயத்தைப் பேசியே ஆக வேண்டும். யார் எங்கே உட்கார்ந்து குடிக்கலாம் என்பது.

அந்தக் காலத்துக் காபி ஓட்டல்களில் 'பிராமணாள்' என்று போர்டு தொங்கும். பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தலித்துகளுக்கு உள்ளேயே இடம் கிடையாது. ரயில்வே சாப்பாட்டு அறைகளில்கூட இந்தப் பிரிவினை இருந்தது. நீதிக்கட்சியும் பெரியாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல்தான் அது போனது. (மொரப்பூர் - ஓசூர் ரயிலே நின்றுபோன அதே வருஷம்! பிரிவினை போன பிறகு அந்தப் பாதையில் போக ரயில்தான் இல்லை.) 1950-ல் வந்த அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் நுழைய யாருக்கும் சாதியைக் காரணம் காட்டித் தடை போடக்கூடாது என்று ஓட்டலைப் பெயர் சொல்லியே எழுதியது. அப்படியும் போர்டுகள் தொங்கின. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து, நூற்றுக்கணக்கானவர்கள் சிறை போன பிறகே அந்தப் பெயர் இறங்கியது.

நகரத்தில் போர்டு இறங்கிவிட்டது. கிராமத்து டீக்கடையில் இறக்குவதற்குப் போர்டே கிடையாது, டம்ளர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இரட்டை டம்ளர் என்பது ஏதோ தாத்தா காலத்துச் சமாச்சாரம் அல்ல. 2024 பிப்ரவரியில்கூட மொரப்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தோட்ட வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த விவகாரம் வெளியே வந்து கைது வரை போனது.

ஓசூரின் உணவு வரலாற்றில் உண்மையான திருப்பம் ஓட்டலில் நடக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். அது நடந்த இடம் கேன்டீன்.

1971-ல் சிப்காட் நிறுவனம் உருவாகி, ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்டும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை அதன் பிறகு வந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்றது 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம். சட்டத்தை எழுதியவர்கள் தொழிலாளியின் வயிற்றை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் அது வேறு வேலையும் செய்தது. ஊர் டீக்கடையில் பெஞ்சில் உட்கார முடியாத குடும்பத்துப் பையனும், அந்தக் கடைக்காரரின் உறவுக்காரப் பையனும் ஒரே யூனிஃபார்மில், ஒரே வரிசையில், ஒரே மாதிரி தட்டோடு நின்றார்கள். யார் கழுவிய டம்ளர் யாருக்கு வந்தது என்று பார்க்க முடியாது. எல்லாம் ஒரே தொட்டி. இதனால் சாதி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. சாயங்காலம் ஊருக்குத் திரும்பினால் பழைய டம்ளர் அங்கே காத்திருந்தது. ஆனால் எட்டு மணி நேரமாவது வேறு ஓர் ஏற்பாடு சாத்தியம் என்று தினமும் கண்ணால் பார்த்த தலைமுறை ஒன்று உருவானது. எந்த நட்சத்திர ஓட்டலும் இந்த ஊருக்குச் செய்யாத காரியம் இது.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாடு மலிவாகக் கிடைத்தால் வெளியே நல்ல 'மீல்ஸ்' கடைக்கு யார் போவார்கள்? டவுனில் பெயர் சொல்லும்படி மதியச் சாப்பாட்டுக் கடைகள் வளராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ந்தவை எல்லாம் ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் தேவைப்படுபவை. காலை டிபன், ராத்திரி பரோட்டா, எந்நேரமும் டீ.

டிபன் விஷயத்தில் பெங்களூர்தான் ஜெயித்தது. 1983-ல் ஜெயநகரில் ஆரம்பித்த 'தர்ஷினி' முறை அப்படியே எல்லை தாண்டி வந்துவிட்டது. டோக்கன் வாங்கு, கவுன்ட்டரில் எடு, நின்றுகொண்டே சாப்பிடு, கிளம்பு. தமிழ்நாட்டுக்குள் தெற்கே போகப்போக ஓட்டல் என்றால் இலை போட்டு, சர்வர் வந்து, "சார் என்ன சாப்பிடறீங்க" என்று கேட்க வேண்டும். ஓசூரில் அந்த உபசாரத்தை எதிர்பார்க்காதீர்கள். உப்புமா இங்கே காராபாத் ஆகிவிடும், எலுமிச்சை சாதம் சித்ரான்னம் ஆகிவிடும். சாம்பாரில் வெல்லம் லேசாக எட்டிப் பார்க்கும். மதுரைக்காரர்கள் முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், ஆறாவது மாதம் ஊருக்குப் போய் "சாம்பார் ஏன் இப்படிப் புளிக்குது?" என்பார்கள். காபியில் 'பை டூ' கேட்டால் இங்கே யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள்.

பரோட்டா - சால்னாவில் மட்டும் தமிழ்நாடு விட்டுக்கொடுக்கவில்லை. அதுவும் ஜூஜுவாடியில் அது லாரியின் சொத்து. வணிக வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் ஒன்று உண்டு. காகிதம் சரிபார்த்து முடிவதற்குள் ஒரு டீ, ஒரு பரோட்டா செட், இன்னொரு டீ. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்தச் சாவடி வேலை நின்றது. சரக்கு வேகமாகப் போனது நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் காத்திருப்பை நம்பிப் பிழைத்த கடைகளின் கணக்கை எந்தப் பட்ஜெட்டும் போடுவதில்லை.

அதற்கு முந்தைய வருஷம் வேறு மாதிரி காத்திருப்பு. 2016 செப்டம்பர் 12. காவிரித் தீர்ப்பை ஒட்டிய கலவரம். அன்று அதிகாலையில் சென்னையில் நியூ உட்லண்ட்ஸ் ஓட்டல் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளும் ஒரு டிப்போவில் நின்றிருந்த கேபிஎன் பஸ்களும் எரிக்கப்பட்டன. அங்கே அடையாறு ஆனந்த பவன் கடையும் தாக்கப்பட்டது. சென்னைக்கு மசால் தோசை ஊற்றிக் கொடுத்தவர்களின் ஓட்டல் சென்னையில் 'கன்னட ஓட்டல்', பெங்களூர்க்காரர்கள் தினமும் மைசூர்பாக் வாங்கிய கடை பெங்களூரில் 'தமிழ்க் கடை'. 1991 டிசம்பரில் இதைவிட மோசமாக நடந்து, தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரை விட்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

2016-ல் பஸ்கள் ஜூஜுவாடியோடு நின்றுவிட்டன. அந்த நாட்களில் இந்தப் பக்கம் இறங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அட்டிபெலே வரை நடந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குழந்தைகளோடு இங்கே நடந்து வந்தார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் கடந்தது ஒரே டீக்கடைகளைத்தான்.

2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. ஜூஜுவாடியும் அதற்குள் அடக்கம். இப்போது சிப்காட் ஓரத்துக் கடைகளில் கேட்கும் பாஷை தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றோடு நிற்பதில்லை. ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்த பையன்களுக்காக டீக்கடையில் சமோசா வந்தது, சப்பாத்தி வந்தது, இந்தியில் எழுதிய அட்டையும் வந்தது. "ஊர் ருசி கெட்டுப்போச்சு" என்று அலுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அதை ஓசூருக்கு நீட்டிக்கும் பேச்சும் ஓடுகிறது. அது வந்தால் "நல்லா சாப்பிடணும்னா பெங்களூர் போங்க" என்பவர்களுக்கு இன்னும் சௌகரியம். திரும்பி வரும்போது ராத்திரி பதினொரு மணிக்குப் பசித்தால் ஜூஜுவாடி பரோட்டாக் கடைதான்.