புல்லட்டும் பனங்கட்டையும்

கிரிவலப் பாதையில் தடதடத்துப் போகும் புல்லட்டைப் போலீஸ் வண்டி, மிராசுதார் வண்டி என்றுதான் நம் வயதுக்காரர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அது வளர்ந்த விதம் வேறு. கட்டை, பாறை, சேறு, ஓடைப் படுகை இவற்றின்மேல் கால் ஊன்றாமல் ஏறி இறங்கும் போட்டியில் சோதித்துப் பார்க்கப்பட்ட வண்டி அது.

அந்தப் போட்டிக்கு டிரையல் என்று பெயர். காலமெல்லாம் கோப்பு கட்டிய எனக்கு டிரையல் என்றால் கோர்ட்டு விசாரணை, இல்லாவிட்டால் கணக்குப் பிரிவின் டிரையல் பாலன்ஸ். பிரெஞ்சுக்காரர்களோ அந்த ஆங்கிலச் சொல்லை எடுத்து, 'திரியால்' என்று தங்கள் வாய்க்கேற்ப மாற்றி, இந்த விளையாட்டுக்கென்றே வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தியெரி மிஷோ 1985, 1986, 1988 என மூன்று முறை உலக சாம்பியன்.

இதில் பெரும்பாலும் வேகத்துக்கு மதிப்பில்லை. கயிறு கட்டிய ஒரு பகுதியை வண்டியில் நின்றபடியே கடக்க வேண்டும். ஒரு முறை கால் தரையில் பட்டால் 1 புள்ளி, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ 5. குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயித்தார். பரீட்சையில் சைபர் வாங்கிப் பரிசு பெறுவது இங்கேதான்!

ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் 1909-லேயே தொடங்கிவிட்டது. 1914-ல் ஆல்ஃபிரட் ஸ்காட் என்ற மோட்டார் சைக்கிள் முதலாளி, யார்க்ஷயரில் தம் தொழிற்சாலை ஆட்களுக்காக ஒரு போட்டி நடத்தினார். அது இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

1948-ல் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி, பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த 350 சிசி புல்லட்டை இப்படிப்பட்ட போட்டிகளில் இறக்கியது. பின்பக்கம் ஆடினால் பிடி போய்விடும் என்று அன்றைக்குப் பழைய கைகள் சிரித்தார்களாம். அதே வருடம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. பிறகு ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்துப் போட்டியை என்ஃபீல்டில் வென்றார். சிரிப்பு நின்றது.

நம் ராணுவத்துக்கு 800 புல்லட்டுகள் வேண்டும் என்று அரசு ஆர்டர் கொடுத்ததும், 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதும், திருவொற்றியூரில் ஆலை வந்ததும் பலருக்குத் தெரியும். இங்கிலாந்தில் புல்லட் நின்றுபோன பிறகும் நம்மிடம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் வண்டி வந்ததே தவிர, அதை வளர்த்த விளையாட்டு கூட வரவில்லை. நமக்கு வேகம்தான் பிடித்தது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளத்தையே பந்தயத் தடமாக்கிக்கொண்டது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வரும்வரை, அந்தப் பழைய ஓடுதளம்தான் சென்னைப் பந்தயத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. கைவிட்டுப்போன பொருளைக் காரியத்துக்கு ஆக்குவதைப் பிரெஞ்சில் 'சிஸ்தேம் தே' என்பார்கள். கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறவன் வழி என்று பொருள். சோழவரம் அதற்கு நல்ல உதாரணம்.

இவ்வளவும் நான் தேடிப் படித்தது என் தங்கை பேரனுக்காக. சென்ற வருடம் எங்கள் தெருப் பையன் ஒருவன் பைபாஸில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக் கால் எலும்பு இரண்டாக முறிந்தான். உடனே இவன் அம்மா, வண்டியை விற்றால்தான் சோறு என்று சொல்லிவிட்டாள். "தாத்தா, நீங்க சொன்னா அம்மா கேக்கும்" என்று வந்து நின்றான். ரோட்டில் இனித் தூக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தண்டராம்பட்டு சாலைப் பக்கம் சும்மா கிடக்கும் எங்கள் மேட்டு நிலத்தைக் கொடுத்தேன்.

கட்டைக்குப் பனைமரம் வெட்டலாம் என்றார்கள் அவன் நண்பர்கள். வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்ததைச் சொல்லி நிறுத்தினேன். பழைய குமாஸ்தா புத்தி. இடித்த ஓட்டு வீட்டின் பனை உத்திரங்கள் கிடைத்தன. ஆணிகளைப் பிடுங்கவே இரண்டு நாள் ஆயிற்று. ஒடிந்த வேலிக் கல்தூண்கள், டிராக்டர் டயர்கள், விரிசல் விட்ட கிணற்று உறைகள் எல்லாம் மாட்டு வண்டியில் வந்தன.

கட்டையைத் தரையில் சும்மா வைத்தால் சக்கரம் பட்டதும் உருளும். மூன்றில் ஒரு பங்கைப் புதைத்து, இரு பக்கமும் முளை அடிக்க வேண்டும். மரப்பட்டை இருந்தால் உரித்துவிட வேண்டும், மழையில் அது எண்ணெய்போல வழுக்கும். முதல் கட்டை முழங்கால் உயரத்துக்கும் கீழே. டயரில் காற்றைக் குறைத்தால்தான் பிடிப்பு வரும். இப்போதைய டிரையல் வண்டி சுமார் 70 கிலோதான். ராயல் என்ஃபீல்டு 2019-ல் 'டிரையல்ஸ்' என்று பெயர் சூட்டி விற்ற புல்லட்டோ 180 கிலோவுக்கு மேல். அதனால் பையன்கள் பழைய 100 சிசி வண்டியில்தான் பழகுகிறார்கள்.

அவன் அம்மா முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தாள். நடக்கிற வேகத்தில் போகும் வண்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்" என்றாள். போன வாரம் நோட்டும் பென்சிலும் அவள் கையில். எத்தனை முறை கால் ஊன்றினான் என்று அவள்தான் எண்ணுகிறாள். மகனுக்கும் சலுகை இல்லை.