நேப்பர்வில்: அமைதியான நகரும் பறிபோன காணியும்

சிக்காகோவுக்கு மேற்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நேப்பர்வில்லில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். 2020 குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை 149,540. சிக்காகோவிலிருந்து மெட்ரா புகையிரதத்தில் போகலாம். ஊருக்குள் கார் இல்லாவிட்டால், பிள்ளைகளிடம் வந்த முதியோர் வீட்டுக்குள் முடங்கவேண்டியதுதான்.

ஜோசப் நேப்பர் 1831இல் குடியேறிய இடம் இது. 1832இல் பிளாக் ஹோக் போரின்போது குடியேறிகள் சிக்காகோவின் டியர்போர்ன் கோட்டைக்கு இடம்பெயர்ந்தனர். போர் ஓய மீளக்குடியேறினர். இம்மண்ணுக்குரிய பொட்டவாட்டமி மக்களோ 1833 சிக்காகோ உடன்படிக்கைக்குப் பின் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்பப்பட்டனர்.

மேற்கே டிகால்ப் மாவட்டத்தில் அவர்களின் தலைவர் ஷாபெனேக்கு ஒதுக்கியிருந்த காணியை அரசு 1849இல் ஏலம்விட்டது. அதில் 130 ஏக்கர், 2024இல்தான் அவர்களின் காணியாக மீண்டும் அங்கீகரிக்கப்பட்டது. இடையில் கழிந்தவை 175 ஆண்டுகள்.